இமை தன் இடத்தில் அமரும்வரை



தொய்ந்த இமைக்கு அறுவை செய்துகொண்டு வீடு திரும்பியவர் முதலில் தேடுவது கண்ணாடியைத்தான். இரண்டாம் நாள் பார்த்தால் இமை வீங்கிக் கண்ணையே மூடிக் கிடக்கிறது. ஐந்தாம் நாள் சற்றே திறந்திருக்கிறது. ஆயினும் மற்றக் கண்ணைவிடத் தாழ்ந்து நிற்கிறது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அதே இமை மற்றதைவிட உயர்ந்து, எதையோ கண்டு திடுக்கிட்டவரின் கண்போல் விழிக்கிறது. காலையில் ஓர் உயரம். மஃரிபுக்குப் பின் வேறோர் உயரம். இதற்கிடையே நலம் விசாரிக்க வரும் உறவினர் ஆளுக்கொரு தீர்ப்பு வழங்கிவிட்டுத் தேநீர் அருந்திச் செல்கின்றனர். "டாக்டர் அதிகமாக இழுத்துவிட்டார்" என்கிறார் ஒருவர். "இன்னும் பழையபடிதான் இருக்கிறது, காசு போயிற்று" என்கிறார் இன்னொருவர். இருவரும் சொல்வது ஒரே கண்ணை, ஒரே வாரத்தில்!

இந்தக் குழப்பத்தால் விளையும் தீங்கு சிறிதன்று. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், நிக்காஹ் நிச்சயிக்கப்பட்டிருந்த தங்கள் மகளின் இமை பதினைந்தாம் நாள் சமமாக இல்லை என்று கண்டு, அறுவை செய்த இடத்துக்குத் திரும்பாமல் வேறோர் ஊருக்கு அழைத்துச் சென்று, "உடனே மறுபடியும் செய்யுங்கள்" என்று கெஞ்சியது. நல்லவேளை, அங்கிருந்தவர் மறுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பினார். அந்த மூன்று மாதத்தில் என்ன நடக்கிறது, ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை. அதனைச் சொல்லவே இக்கட்டுரை. நான் மருத்துவனல்லன், மதரஸாவில் ஓதிக் கொடுப்பவன். கற்றவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே தருகிறேன்.

மேலிமையைத் தூக்கி நிறுத்துபவை இரண்டு தசைகள். பெரியது லெவேட்டர் எனப்படும் இமை தூக்கும் தசை. கண்குழியின் ஆழத்திலிருந்து புறப்பட்டு, விழியின் மேலாக முன்னோக்கி வந்து, மெல்லிய தோல்வார் போன்ற நாராக விரிந்து இமையில் பற்றிக் கொள்கிறது. அதன் அடியில் முல்லர் தசை என்னும் சிறிய தசை உண்டு. அது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாதது. அச்சம், வியப்பு, களைப்பு ஆகியவற்றுக்கேற்பத் தானாக இறுகியும் தளர்ந்தும் இமையை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவுக்கு ஏற்றியிறக்குகிறது. அஞ்சியவன் கண் அகல்வதும், உறக்கம் வருபவன் இமை சரிவதும் இதனால்தான். இவ்விரண்டும் போதாதபோது நெற்றித் தசை உதவிக்கு வருகிறது. இமை தொய்ந்தவர்கள் புருவத்தை உயர்த்தி, நெற்றியில் கோடு விழப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள்.

இயல்பான மேலிமை, கருவிழியின் மேல் விளிம்பை 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை மூடியிருக்கும். கண்மணியின் நடுவில் விழும் விளக்கொளியிலிருந்து இமையின் விளிம்பு 4 முதல் 5 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். மருத்துவர் சிறு டார்ச்சும் அளவுகோலும் கொண்டு அளப்பது இதைத்தான். இவ்வளவு நுண்ணிய அளவில் 1 மில்லிமீட்டர் என்பது பெரிய தொகை. ஒரு மில்லிமீட்டருக்குள் இரு இமைகளும் ஒத்து நின்றால் அறுவை நன்கு அமைந்ததாகவே கொள்வர். பிறவியிலேயே நம் இரு கண்களும் இம்மியும் பிசகாது ஒத்திருப்பதில்லை என்பதைப் பழைய நிழற்படத்தை எடுத்துப் பார்த்தால் அறியலாம்.

இமைத் தொய்வு எல்லாம் ஒரே வகையன்று. பிறவித் தொய்வில் இமை தூக்கும் தசையே சரிவர உருவாகாமல் நாரும் கொழுப்புமாக விறைத்திருக்கும். முதுமையில் வரும் தொய்வில் தசை நன்றாகவே இருக்கும். அதன் நார்ப்பகுதி நைந்து, இமையை விட்டு நழுவியிருக்கும். கண்ணை ஓயாது கசக்குவோருக்கும், நெடுங்காலம் காண்டாக்ட் லென்ஸ் அணிந்தோருக்கும், சிலபோது கண்புரை அறுவைக்குப் பின்னும் இது நேர்வதுண்டு. சில பிள்ளைகளுக்குத் தாடை அசையும்போதெல்லாம் தொய்ந்த இமை துள்ளி எழும். பால் குடிக்கும் குழந்தை ஒற்றைக் கண்ணைச் சிமிட்டுவது கண்டு வீட்டார் மகிழ்வர். 1883ஆம் ஆண்டில் மார்க்கஸ் கன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் விவரித்த நரம்புப் பிசகு அது.

ஒரு எச்சரிக்கையை இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறேன். நேற்றுவரை நன்றாயிருந்த இமை இன்று திடீரெனச் சரிந்தால், அது அழகு பற்றிய விஷயமன்று. கடும் தலைவலி, இரட்டைப் பார்வை, கண்மணி விரிவு ஆகியவை உடனிருந்தால் மூளையின் இரத்தக்குழாய் வீங்கியிருக்கக் கூடும்; அன்றே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வயல்வெளியிலோ தரையில் பாய் விரித்தோ உறங்கி எழுந்தவருக்கு இரு இமைகளும் சரியுமானால், கடிவாய் தென்படாவிட்டாலும் பாம்புக்கடியை ஐயுற வேண்டும். கட்டுவிரியனும் நாகமும் கடித்தால் முதலில் தெரியும் அடையாளங்களில் ஒன்று இமைத் தொய்வு. காலையில் நன்றாயிருந்து மாலையில் சரியும் இமையோ, மயஸ்தீனியா எனப்படும் தசைச் சோர்வு நோயைக் காட்டலாம். அதற்கு முதலில் வேண்டுவது மருந்து.

இனி அறுவைக்கு வருவோம். இமை தூக்கும் தசைக்கு ஓரளவேனும் வலுவிருந்தால் அதனைச் சுருக்கித் தைத்து மீண்டும் இமையில் பொருத்துவர். கீழே பார்த்துப் பின் மேலே பார்க்கையில் இமை எத்தனை மில்லிமீட்டர் எழுகிறது என்பதே வலுவின் அளவு. நல்ல கண்ணில் அது 12 முதல் 15 மில்லிமீட்டர் இருக்கும். 4 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ எனில் சுருக்கிப் பயனில்லை. இமையை நெற்றித் தசையோடு தூளிபோல் கட்டித் தொங்கவிடுவர். அந்தக் கயிற்றுக்குத் தொடையின் பக்கத்திலுள்ள உறுதியான சவ்விலிருந்து பட்டை எடுக்கும் முறையை 1956இல் கனடாவின் கிராஃபோர்டு விரிவாக எழுதினார். இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொடையில் போதிய நீளம் கிடைக்காது. அப்போது சிலிகான் இழை பயன்படும்.

இப்போது கண்ணாடிக்குத் திரும்புவோம். அறுவை மேசையில் வைத்த உயரம் ஏன் அப்படியே நிலைப்பதில்லை?

முதற்காரணம், மேசையில் தெரியும் உயரமே உண்மையான உயரமன்று. பெரியவர்களுக்கு மரத்துப்போக ஊசி போட்டே இதனைச் செய்வர். இரத்தம் கசியாதிருக்க அந்த மருந்தில் அட்ரினலின் கலந்திருக்கும். அது முல்லர் தசையை இறுக்கி இமையை உயர்த்திக் காட்டும். கண்ணை மூடும் தசையும் மரத்துக் கிடப்பதால் கீழிழுக்க ஆளில்லை. ஆகவே அனுபவமுள்ளவர், மருந்து தெளிந்ததும் இமை சற்று இறங்கும் எனக் கணக்கிட்டு, சற்று உயர்த்தியே வைப்பார். பிள்ளைகளுக்கு முழு மயக்கம் கொடுப்பதால் "கண்ணைத் திற" என்று சொல்லிப் பார்க்கவும் வழியில்லை. தசை வலுவாயிருந்தால் பின்னர் இமை மேலும் எழும். வலுவற்றிருந்தால் கீழே இறங்கும். பெர்க் என்னும் அமெரிக்க மருத்துவர் வகுத்த இந்த விதிப்படி, வலுவுள்ள இமையைத் தாழ்வாகவும் வலுவற்றதை உயரமாகவும் வேண்டுமென்றே வைத்து முடிப்பர். தையற்காரர், துவைத்தால் சுருங்கும் துணிக்கு இரண்டு விரல் கூட விட்டு வெட்டுவது போன்றது இது.

இரண்டாவது, வீக்கம். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையின் தோல். நீர் கோத்தால் பலூன்போல் உப்பும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் வீக்கம் உச்சத்தை அடைந்து, அதன் கனமே இமையைக் கீழே அழுத்தும். வடிய வடிய இமை எழும். இரவெல்லாம் படுத்திருப்பதால் காலையில் வீக்கம் மிகும், நடமாடினால் வடியும். அந்தியில் தசை களைத்து மீண்டும் சரியும். ஒரே நாளில் மூன்று உயரம் தெரிவதன் இரகசியம் இதுவே. முதல் இரண்டு நாட்கள் தூய துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம், இரண்டு தலையணை வைத்து உயர்த்திப் படுத்தல் ஆகியவற்றைச் சொல்வது இதற்காகத்தான். சுடச்சுட உப்பு ஒத்தடம் கொடுக்கும் பாட்டிமார், இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஆறும் புண்ணின் இயல்பு. உள்ளே இட்ட தையல்கள் இளகும். புதிய தழும்புத் திசு முதலில் தடித்து இறுகி, பிறகு மெல்ல மென்மையடையும். அது இறுகும் வாரங்களில் இமை உயர்ந்து நிற்கலாம், இளகும்போது இறங்கலாம். ஆறு வாரத்துக்கு முன் எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று மாதத்தில் பெரும்பாலும் நிலைகொள்ளும். உயரம் வெகுவாகப் பிசகியிருப்பது தொடக்கத்திலேயே தெளிவானால், முதல் வாரத்தையொட்டி, திசு ஒட்டிக்கொள்வதற்குமுன் தையலைத் தளர்த்தியோ இறுக்கியோ திருத்துவதுண்டு. அந்த வாய்ப்புக் கடந்தபின், தழும்பு முதிரும்வரை காத்திருப்பதே முறை. நடுவில் கைவைத்தால் வீங்கிய திசுவில் அளவு தெரியாது வெட்டுவதாக முடியும். இமை உயர்ந்திருந்தால் கீழ்நோக்கி நீவிவிடச் சில மருத்துவர் கற்றுத் தருவர். எப்போது, எப்படி என்று அவர் சொன்னால் மட்டுமே செய்க.

நான்காவது காரணம் விந்தையானது. அறுவை செய்யாத கண்ணும் மாறும்! இரு இமைகளுக்கும் மூளை ஒரே அளவான ஆணையை அனுப்புகிறது. 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் ஹெரிங் பெயரால் இவ்விதி வழங்குகிறது. ஓர் இமை தொய்ந்திருக்கையில், அதனைத் தூக்க மூளை கூடுதல் ஆணை விடுக்கிறது. அதில் பங்கு பெற்ற மற்ற இமையும் உயர்ந்தே நிற்கிறது. தொய்ந்தது சரியானதும் மூளை ஓய்ந்து ஆணையைக் குறைக்கிறது. உடனே "நல்ல" கண் இறங்குகிறது. "நல்ல கண்ணையும் கெடுத்துவிட்டார்கள்" என்று எழும் கூக்குரலில் பாதி இதனால் விளைவது. மறைந்திருந்த இத்தொய்வை அறிய, அறுவைக்கு முன்னரே தொய்ந்த இமையை விரலால் தூக்கிப் பிடித்து மற்றதைக் கவனிப்பர். நீங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சகோதரிகளே, இமை இன்னும் கொஞ்சம் உயர்ந்திருந்தால் அழகாயிருக்குமே என ஏங்குமுன், இமையின் தலையாய வேலை திறப்பதன்று, மூடுவது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். இதனை நம் வேலூர் மண்ணே கற்றிருக்கிறது.

1902இல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, பின்னாளில் கண் மருத்துவத்துக்கென்றே பெயர் பெற்றது. (அவர் மருத்துவம் கற்கத் துணிந்ததற்குக் காரணமான திண்டிவனத்து இரவில், பேறுகாலத்து மனைவிக்கு உதவி கேட்டு வந்து, பெண் மருத்துவர் இல்லாமையால் வெறுங்கையோடு திரும்பிய மூவரில் ஒருவர் முஸ்லிம் என்பது நினைவிற்குரியது.) 1946இல் வேலூர் வந்த பால் பிராண்டும், கண் மருத்துவரான அவர் துணைவியார் மார்கரெட்டும் தொழுநோயாளருக்குப் பணியாற்றினர், 1955இல் காட்பாடியை அடுத்த கரிகிரியில் அதற்கென ஆய்வு மருத்துவமனையும் எழுந்தது. தொழுநோய் முக நரம்பைத் தாக்கினால் இமை தொய்வதில்லை. மூட முடியாமற் போகிறது. மூடாத கண்ணின் கருவிழி வறண்டு, தூசியில் உரசிப் புண்ணாகி, வெண்மை படர்ந்து குருடாகிறது. ஆகவே பொட்டுப் பகுதியிலுள்ள மெல்லும் தசையின் ஒரு கீற்றை இமைக்குக் கொண்டுவந்து, பல்லைக் கடித்தால் கண் மூடுமாறு செய்யும் அறுவை கையாளப்பட்டது. கண்ணை மூடுவதற்கு மனிதன் அப்படி உழைக்க வேண்டியிருந்தது!

இதையறிந்த அறுவையாளர், தொய்ந்த இமையைத் தூக்கும்போது எல்லையோடு நிற்பார். தூக்கிய இமை உறக்கத்தில் முழுதும் மூடாமல் சில மில்லிமீட்டர் திறந்தே இருப்பது, குறிப்பாகத் தூளிமுறை அறுவையில், எதிர்பார்க்கத்தக்கதே. உறங்கும்போது விழி மேல்நோக்கிச் சுழன்று கருவிழியை ஒளித்துக்கொள்ளும் இயல்பு பலருக்கும் உண்டு. அது இல்லாதவருக்கு இமையைத் தாழ்த்தியே வைப்பர். கீழிமையில் ஒரு தையலிட்டு அதனை மேலே இழுத்து நெற்றியில் ஒட்டி, முதல் ஓரிரு நாள் கண்ணை மூடிவைப்பதும் உண்டு. அதைக் கண்டு பதற வேண்டாம். வறட்சிக்கு எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தையும் இரவுக் களிம்பையும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், விடாது இட வேண்டும். உயரத்தைப் பற்றி நூறு கேள்வி கேட்கும் வீடுகளில் இக்களிம்புக் குழாய் பாதி தீராமல் கிடக்கிறது. எதன்பின் ஓடுகிறோம், எதை விடுகிறோம் பாருங்கள்.

கண்ணில் கடும் வலி, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெண்புள்ளி, சீழ், முதல் நாளில் கண் முன்தள்ளி வீங்குதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் குறித்த தேதிக்குக் காத்திராமல் அன்றே செல்க. உயரம் மாறுவதற்குப் பொறுமை, இவற்றுக்கு அவசரம்.

நம் இல்லங்களில் எழும் வேறு சில ஐயங்கள். பிறவித் தொய்வைத் திருத்துவது படைப்பை மாற்றுவதாகாதா என்று என்னிடமே கேட்டிருக்கின்றனர். போரில் மூக்கிழந்த நபித்தோழர் அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குப் பொன்னால் மூக்கு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்த செய்தியை ஓதியவர் அறிவர். 2007இல் மலேசியாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், பிறவிக் குறையை நீக்கும் அறுவையை வெறும் அலங்கார அறுவையிலிருந்து பிரித்து அனுமதித்துள்ளது. பார்வையை மறைக்கும் இமையில் ஐயத்துக்கே இடமில்லை. பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் பாக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா, கண்நோய்களைப் பற்றி எழுதிய தம் நூலில் இமை நோய்களுக்கெனவும் இடமொதுக்கினார். அந்த மரபில் வந்தவர்கள் நாம்.

ஒளூச் செய்கையில் தையலில் நீர் படலாமா என்பது அடுத்தது. நீர் தீங்கு செய்யுமென மருத்துவர் சொல்லும் நாட்களில் கட்டின்மீது மஸஹு செய்யவும், தேவையானால் தயம்மும் செய்யவும் மார்க்கத்தில் சலுகையுண்டு. மத்ஹபுகளின் விவரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்க. குனிந்தால் கண்ணில் இரத்தம் தேங்கும் என்பதால் முதல் வாரம், பத்து நாள் ஸஜ்தாவைத் தவிர்க்கச் சொன்னால் அமர்ந்து சைகையால் தொழலாம். சலுகையைப் பயன்படுத்துவது ஈமானின் குறைவன்று. சுர்மாவை மட்டும் மருத்துவர் அனுமதிக்கும்வரை தொடவே கூடாது. கடையில் விற்கும் சுர்மாக்களில் ஈயம் கலந்தவை உண்டு. பிள்ளைகளுக்கு எப்போதுமே வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் ஆகியவையும் அறுத்த கண்ணுக்கு உரியவையல்ல.

வேலைக்குத் திரும்புவது பற்றி ஆம்பூர், பேரணாம்பட்டுக் குடும்பங்கள் தனியே சிந்திக்க வேண்டும். அலுவலக மேசையில் இருப்பவரும் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியருகே நிற்பவரும் ஒன்றல்லர். முடி நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சல்பைடும், அங்கெழும் அம்மோனியா நெடியும் நல்ல கண்ணையே எரிக்கும். முழுதும் மூடாத கண்ணை என்ன செய்யுமென்று சொல்ல வேண்டியதில்லை. உலர்தோலைத் தேய்த்து மெருகேற்றும் பிரிவின் தூசியும் அவ்வாறே. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பெண்கள் நாள் முழுதும் ஊசிமுனையையே உற்று நோக்குவதால் இமைப்பது குறைந்து கண் வறளும். உங்கள் வேலை இன்னதென்று மருத்துவரிடம் விளங்கச் சொல்லி, எத்தனை நாள் விடுப்பு என்பதை எழுதி வாங்குங்கள். பைக்கில் நெடுஞ்சாலையில் போவோர் கண்ணாடி அணியாமல் போக வேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. மதரஸாவில் ரிஹாலின் முன் அமர்ந்த சிறுவன் முகவாயைத் தூக்கி, தலையைப் பின்னே சாய்த்து எழுத்துகளைப் பார்த்தால், மற்றப் பிள்ளைகள் "தூங்குமூஞ்சி" என்கின்றனர். பெற்றோர் "பழக்கம்" என்கின்றனர். இமை மறைத்த கண்மணிக்குக் கீழாக அவன் உலகைத் தேடுகிறான் என்பதே உண்மை. கண்மணியை மூடும் தொய்வில், ஏழெட்டு வயதுக்குள் அக்கண்ணைப் பயன்படுத்த மூளை கற்றுக்கொள்ளாவிடில், பின்னர் இமையை எவ்வளவு அழகாகத் தூக்கினாலும் பார்வை முழுதாகத் திரும்புவதில்லை. "பெண் வளரட்டும், நிக்காஹுக்கு முன் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடுவோர் இதை உணர்வதில்லை. கண்மணியை மறைக்கும் இமையைக் கைக்குழந்தைப் பருவத்திலும் தூக்குவர். அவ்வளவு மோசமில்லாததை மூன்று முதல் ஐந்து வயதில், அளவெடுக்க ஒத்துழைக்கும் பருவத்தில் செய்வர்.

அப்பிள்ளை அறுவைக்குப் பின் குர்ஆனைக் குனிந்து பார்க்கையில், அறுத்த இமை மற்றதோடு சேர்ந்து இறங்காமல் மேலேயே தங்கி, வெண்விழி தெரியும். விறைத்த தசை நீள்வதில்லை, தூளிக்கயிறும் நீள்வதில்லை. மூன்று மாதமன்று, முப்பது ஆண்டானாலும் இது ஓரளவு இருக்கும், அறுவையின் பிழையன்று. நேர்ப்பார்வையில் இமை எங்கே நிற்கிறது என்பதையே கணக்கில் கொள்வர். சிலிகான் தூளி ஆண்டுகள் செல்லத் தளர்வதுண்டு. வளர்ந்தபின் தொடைச்சவ்வால் மீண்டும் கட்ட நேரலாம். இமை உயர்ந்தபின் கருவிழியின் வளைவு மாறிக் கண்ணாடியின் எண்ணும் மாறக்கூடும். மறுகண்ணை மறைத்துப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருந்தால், இமை எவ்வளவு நேர்த்தியாக அமைந்திருப்பினும் அதை நிறுத்தக் கூடாது.

ஒவ்வொரு வாரமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில், நேராகப் பார்க்கச் சொல்லி ஒரு படம் எடுத்துத் தேதி குறித்து வையுங்கள். மறுநாள், ஒரு வாரம், ஆறு வாரம், மூன்று மாதம் என மருத்துவர் வரச்சொல்லும் நாட்களில் அறுவைக்கு முந்தைய பழைய படத்தோடு அவற்றையும் எடுத்துச் செல்க. மனத்தில் நிற்கும் உயரத்தைவிட அவை நம்பத் தகுந்தவை.